அப்பாவின் புறங்கை

தாஷ்-புலாக்
14 அக்டோபர் 2018

மேதர்பெக்,

‘அன்புள்ள தம்பிக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த வரி வரவில்லை. அதனால் பேர் மட்டும்.

சிறைக்குள் யாருடைய போனையோ வாங்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். நான் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. காகிதமென்றால் பிடிக்காதபோது மடித்து வைத்துவிடலாம்.

அடக்கம் எப்படி நடந்தது என்று உன் வக்கீல் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன். மார்ச்சில் உன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, நகரத்து ஆஸ்பத்திரியில் அப்பாவை அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பினோம். உள்ளே நான், பெண்கள் வழக்கப்படி, கூடாரச் சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். வெளியே மகன் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. இடுப்பில் துணியைக் கட்டி, கோலை ஊன்றி, வருகிறவர்களோடு சேர்ந்து வாய்விட்டு அழ மகன் வேண்டும் இல்லையா? இசாபெக் சித்தப்பா அந்தக் கோலைக் கூடாரத்தில் சாய்த்து வைத்தார். “என் பையன அங்க நிறுத்த மாட்டேன். அது அவன் எடம். காலியாவே கெடக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்” என்றார்.

பக்கத்து ஊர் ஆண்கள் வாசலில் இறங்கியதுமே “என் மலையே, என் அண்ணே” என்று கதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். கோலைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். எதிரே அழ ஆளில்லாமல் எப்படி அழுவது? தொண்டையைச் செருமிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். எனக்கும் அழுகை அத்தோடு நின்றது. இன்னும் வரவில்லை. வராதது வருத்தமாகக்கூட இல்லை.

நீ நான்கு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் வந்தாய். மறுநாள் மத்தியானம் அப்பா இல்லை. இடையில் அவரை எவ்வளவு பார்த்திருப்பாய்? போர்வைக்குள் சாய்ந்திருந்தவருக்கு நான் கஞ்சி ஊட்டியதைப் பார்த்தாய். அதோடு சரி. ஒரு ரொட்டித் துண்டைக்கூட அவரால் ஏந்தி வாங்க முடியாது என்பது உனக்குத் தெரியுமா? எதிரே வைத்தால், சட்டிக்கு மூடி போடுவது மாதிரி அதன்மேல் கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் எடுத்து வாயில் வைப்பேன். அம்மா போன பிறகு இதுதான் என் பிழைப்பு. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளுக்கு வேறென்ன வேலை என்று ஊரே சொன்னது. நீயும் ரஷ்யாவில் யெகாதெரின்பர்க்கிலிருந்து போனில் சொன்னாய்: “நீ இருக்கறதாலதான் அக்கா நான் நிம்மதியா இருக்கேன்.” நல்லது. இப்போதும் நிம்மதியாக இரு.

கோர்ட்டில் என்னை ‘பாதிக்கப்பட்டவர் தரப்பு’ என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே கூண்டில் நீ. செத்தவருக்கும் நான்தான் சொந்தம், கொன்றவனுக்கும் நான்தான் சொந்தம். “நீங்க என்ன தண்டனை கேக்கறீங்க?” என்று நீதிபதி கேட்டபோது தண்ணீர் வேண்டும் என்றேன்.

கேள்வி ஒன்றுதான். அப்பாவைக் குளிப்பாட்டியபோது சித்தப்பா பார்த்தார்: இரண்டு மணிக்கட்டிலும் விரல் பதிந்து நீலம். “பெத்தவன் கையப் புடிச்சி அமுக்கி வெச்சிக்கிட்டு அடிச்சிருக்கான்” என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீதிபதியும் அதைக் கேட்டார். நீ தரையைப் பார்த்தாய். அதற்காகவே தண்டனை கூடியது.

ஏன் அவர் கைகளைப் பிடித்தாய்?

ஜிபார்

---

6 நவம்பர் 2018

அக்கா,

கடிதம் வந்தது. இங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். கொடுத்த காவலர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோலைப் பற்றிப் படித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டேன். எல்லாம் அப்படித்தான் நடக்கிறது. எழுப்புகிறார்கள், எழுகிறேன். சிமெண்ட் கல் அறுக்கச் சொல்கிறார்கள், அறுக்கிறேன். யாரோ ஒருவனுக்குப் பதிலாக நான் செய்துகொண்டிருப்பது போல இருக்கிறது.

நான் அப்பாவைத் தள்ளினேன். பலமாகத்தான் தள்ளினேன். அவர் தலை அடுப்பின் இரும்பு மூலையில் பட்டது. கோர்ட்டில் சொன்னது அவ்வளவுதான். அதில் பொய் இல்லை.

கையைப் பற்றிக் கேட்காதே.

பெற்றவர்களைக் கொன்றவன் இங்கே நான் மட்டும் இல்லை. எங்களுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேஜையை ஒதுக்கியிருக்கிறார்கள். யாரும் சொல்லி ஒதுக்கவில்லை, மற்றவர்கள் வந்து உட்காருவதில்லை, அவ்வளவுதான். குடிக்கத் தரவில்லை என்று அம்மாவைக் கொன்ற ஓஷ் நகரத்துப் பக்கத்து ஆள் ஒருவர். அம்மாவை அடித்த மாற்றாந்தகப்பனைக் கொன்றவன் ஒருவன். தலைக்குள் குரல் கேட்டது என்று சொல்கிற ஒரு சின்னப் பையன், அவன் தூக்கத்தில் இன்னும் அம்மாவைக் கூப்பிடுகிறான்.

போன வாரம் ஒருவன் விடுதலையாகிறான் என்று அவன் வீட்டார் ஓர் ஆட்டைச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். தலையை யார் முன்னால் வைப்பது என்று பேச்சு வந்தது. தகப்பன் உயிரோடு இருக்கிறவன் ஆட்டுத் தலையைத் தொடக்கூடாதே. “அந்த மேஜைக்குக் குடுங்கடா. அவனுங்களுக்குத்தான் ஒரு தடையும் இல்ல, தடையத் தாங்களே நீக்கிக்கிட்டானுங்க” என்றான் ஒருவன். கூடமே சிரித்தது. எங்கள் மேஜையிலும் ஒருவன் சிரித்தான். தலை என் முன்னால் வந்தது. முறைப்படி காதை அறுத்து வயதில் சின்னவனுக்குக் கொடுத்தேன். “நன்றிண்ணே” என்று வாங்கிக்கொண்டான். அப்பா இருக்கும்போது தொட முடியாததை முதல் தடவையாகத் தொட்டேன். ருசி ஒன்றும் தெரியவில்லை.

சிவப்புப் பசு கன்று போட்டதா?

மேதர்

---

தாஷ்-புலாக்
28 நவம்பர் 2018

மேதர்பெக்,

பசு கன்று போட்டது. கிடேரி. பசுவை விசாரிக்கத் தெரிகிறது உனக்கு.

கணவாயில் பனி கொட்டித் தபால் தாமதமாவதற்குள் இது போய்ச் சேர வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். பிஷ்கெக்கிலிருந்து சேய்தே என்று ஒரு பெண் வந்தாள், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். பிள்ளைகள் பெற்றோரைக் கொல்வது கூடிக்கொண்டு வருகிறதா என்று ஊர் ஊராகப் போய் விசாரிக்கிறாள். நல்ல பெண்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், நான் ஊற்றிய டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாள். “குடிப்பாரா? நெலத்தகராறா? மனநெல சரியில்லையா? சின்ன வயசுல அப்பா அடிப்பாரா?” என்று வரிசையாகக் கேட்டாள்.

“எங்கப்பா குதிரையக்கூட அடிச்சதில்லம்மா” என்றேன்.

“முன்னெல்லாம் எங்கயோ ஒண்ணு ரெண்டு கேள்விப்படுவோம்க்கா. இப்ப போற மாவட்டத்துலல்லாம் ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் மகன். பெரும்பாலும் அடுப்பு இருக்கற அறை. கைக்குக் கெடச்சத எடுத்து. காரணம்னு பாத்தா ரொம்பச் சின்னதா இருக்கு. ஏன் கூடுதுன்னுதான் புரியல.”

“எனக்கு என்ன தெரியும்? எங்க வீட்டுல ஒருக்காத்தான் நடந்துச்சு. அது கூடவும் இல்ல, கொறையவும் இல்ல” என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டாள். அப்போது பார்த்துச் சித்தப்பா உள்ளே வந்தார். “ரஷ்யாவுக்குப் போயிப் போயி இவனுங்க ஈரலெல்லாம் பனியாயிடுச்சு. அதையும் எழுதிக்க, தாயி” என்றார். அதையும் எழுதிக்கொண்டாள்.

உன்னையும் வந்து பார்ப்பாளாம். நீ அவளிடம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எனக்குச் சொல்லியாக வேண்டும். மார்ச்சில் வருஷத் திதி விருந்து. கல்லறைக் கல் வெட்டுகிறவர் கேட்கிறார்: “கீழ ‘பிள்ளைகள் வைத்தது’ன்னு வெட்டவா, ‘மகள் வைத்தது’ன்னு வெட்டவா?” அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஏன் கையைப் பிடித்தாய்? இதற்கும் பதில் இல்லையென்றால் இனி எழுத மாட்டேன்.

ஜிபார்

---

20 டிசம்பர் 2018

அக்கா,

சேய்தே வந்தார். நிலத்தகராறா என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

உனக்குச் சொல்கிறேன். வேறு யாருக்கும் சொல்லாதே. காவலர் படிப்பார், படிக்கட்டும்.

நீ பால் கறக்கப் போயிருந்தாய். நான் அப்பா எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தேன். எனக்கு அங்கே குடியுரிமை கிடைத்துவிட்டது, லிதியா என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டேன், மூன்று வயதில் மகள் இருக்கிறாள், அம்மாவின் பேரைத்தான் வைத்திருக்கிறோம், அனார்கான், என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இனி ஊரோடு வந்து இருக்க மாட்டேன் என்றும் சொன்னேன். ஒரே மகன் அப்பனின் அடுப்பை விட்டுப் போகிறான். அது எவ்வளவு பெரிய பேச்சு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. “நாளைக்குக் கெளம்பறேன்ப்பா. என் வழிக்கு வாழ்த்துங்க” என்று இரண்டு கையையும் ஏந்தினேன்.

அவருக்குப் பேச்சு போய்விட்டது என்று வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நீ போனில் “கொஞ்சம் கொழறுது” என்றுதான் சொல்லியிருந்தாய். அவர் என்னையே பார்த்தார். அழுதார் என்று நினைக்கிறேன். பிறகு போர்வையை விலக்கி இரண்டு கையையும் தூக்கினார்.

கவிழ்ந்த கை, அக்கா. புறங்கை மேலே.

வாழ்த்துகிறவர்கள் உள்ளங்கையை வானத்துக்குக் காட்டுவார்கள். புறங்கையைக் காட்டினால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு அப்படிக் கை தூக்கிய தகப்பனை நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை, கேட்டுத்தான் இருக்கிறோம். அந்தச் சாபம் என்னோடு நிற்காது, என் மகளையும் பிடிக்கும். “அப்பா, வேணாம்ப்பா, திருப்புங்க, திருப்புங்க” என்றேன். அவர் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டே கையை முகத்துக்குக் கொண்டுபோனார். முகத்தைத் தொட்டுவிட்டால் முடிந்தது. மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பப் பார்த்தேன். திரும்பவில்லை. வேண்டுமென்றே விறைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். இவ்வளவு வெறுப்பா என்று வந்தது. தள்ளிவிட்டேன்.

கோர்ட்டில் சொல்லியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்று வக்கீல் சொல்வார். சொன்னால் ஊருக்கே தெரியும், ஷார்ஷெனின் மகன் தகப்பன் சாபம் வாங்கியவன் என்று. அதற்கு இதுவே மேல்.

அவர் கை முகத்தைத் தொடவில்லை. தொடாவிட்டால் சாபம் பலிக்குமா பலிக்காதா? யாரிடமாவது கேட்டு எழுது. இது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

மேதர்

---

தாஷ்-புலாக்
12 ஜனவரி 2019

மேதர்,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. பதில் எழுதி எழுதி அடுப்பில் போட்டேன். வறட்டியைவிட நன்றாக எரிகிறது காகிதம்.

மசூதிப் பெரியவரிடம் போய்க் கேட்டேன், யாருக்காக என்று சொல்லாமல். “கை மொகத்துல படற வரைக்கும் அது வெறுங்கைதான், மகளே. வாழ்த்துன்னாலும் அப்படித்தான், சாபம்னாலும் அப்படித்தான்” என்றார். ஆக, பலிக்கவில்லை. உன் மகளுக்கு ஒன்றும் இல்லை. தைரியமாக இரு.

அவ்வளவுதான் எழுத வேண்டியது. இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதப் போவதில்லை. எழுதினால் உனக்கு நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. சித்தப்பா வந்து, “ஏம்மா மூஞ்சி இப்படிக் கெடக்கு? கன்னுக்குட்டிக்கு ஒடம்பு சரியில்லையா?” என்றார். ஆமாம் என்றேன்.

மகளுக்கு அம்மா பேரை வைத்ததை என்னிடம்கூடச் சொல்லவில்லை நீ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜிபார்

---

5 பிப்ரவரி 2019

அக்கா,

பெரியவர் நல்லவர், யாருக்கும் மனம் நோகச் சொல்ல மாட்டார். பலிக்கவில்லை என்கிறார். அப்படியானால் நான் ஏன் இங்கே இருக்கிறேன்? சாபம் பலிக்காதவன் தகப்பனைக் கொல்வானா? எங்கள் மேஜையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் அவருக்கு.

லிதியா எழுதியிருக்கிறாள். வருஷத் திதிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா, அப்படியே என்னையும் பார்க்கட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அவளைக் கட்டிக்கொள்ள அங்கே ஒருவர் தயாராக இருக்கிறார், நல்ல மனிதர், பிள்ளையைத் தன் பேரில் எழுதிக்கொள்வாராம். நான் கையெழுத்துப் போட்டால் போதும். இந்த மாதக் கடைசியில் அதற்கான அதிகாரி இங்கே வருகிறார். போட்டுவிடப் போகிறேன். அனார்கான் என்ற பேரையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். வேறு தகப்பன், வேறு பேர், வேறு ஊர். சாபம் தேடிக்கொண்டு போனாலும் அவள் விலாசம் கிடைக்கக்கூடாது.

அழுதுகொண்டு எழுதவில்லை. அழுகை எனக்கும் வரவில்லை. கல் அறுக்கிறது மாதிரிதான் இதையும் எழுதுகிறேன்.

கல்லில் ‘மகள்’ என்றே வெட்டச் சொல்.

மேதர்

---

தாஷ்-புலாக்
14 பிப்ரவரி 2019

மேதர்,

கையெழுத்துப் போடாதே. இதைப் படிக்கும் வரை எதிலும் போடாதே. காவலர் ஐயா, இதை முதலில் படிப்பவர் நீங்கள்தான், தயவுசெய்து அன்றே கொடுத்துவிடுங்கள்.

எழுத மாட்டேன் என்று சொன்னதை எழுதுகிறேன்.

நீ ரஷ்யா போன மறு வருஷம் அப்பா குதிரையிலிருந்து விழுந்தார். இடது கை முறிந்தது. எலும்பு கட்டுகிறவர் கோணலாகக் கட்டிவிட்டார், அதற்குப் பிறகு அந்தக் கை நிமிரவில்லை. நீ வருவதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் வாதம் வந்து வலது கையையும் அதே மாதிரி முறுக்கிவிட்டது. தூக்குவார், மடக்குவார். உள்ளங்கை மட்டும் மேலே பார்க்காது. டாக்டர் திருப்பிப் பார்த்தார், நானும் எண்ணெய் போட்டுத் தினமும் திருப்பிப் பார்த்தேன். வலியில் கத்துவாரே தவிர கை திரும்பாது.

இதையெல்லாம் போனில் யார் சொல்வார்கள்? நீ கேட்பாய், “அப்பா எப்படி இருக்கார்?” நான் சொல்வேன், “இருக்கார்.”

சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கையால்தான் என்னை வாழ்த்துவார். முதல் தடவை பார்த்தபோது நானும் சாபம் என்றுதான் பயந்தேன். அப்புறம் பழகிவிட்டது. கடைசியில் அது கவிழ்ந்திருப்பதே என் கண்ணுக்குத் தெரியாமல் போனது. டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும்கூட. ஆள் வந்தால் கை இரண்டையும் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவருக்கு வெட்கம். குளிப்பாட்டியவர்களும் செத்தவர் கை விறைத்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். நீ வந்த அன்று சாயங்காலமும் உள்ளேதான் வைத்திருந்தார்.

உனக்காகத்தான் வெளியே எடுத்தார். நீ வழிக்கு வாழ்த்துக் கேட்டாய், கொடுத்தார்.

அம்மாவின் பேரைக் கேட்டு அழுதிருப்பார். எனக்கு அவரைத் தெரியும். தினமும் பார்த்தவள் சொல்கிறேன், அந்த வீட்டில் உன்மேல் கோபப்பட்டது நான் ஒருத்திதான். அவர் உன் படத்தைத் தலைமாட்டில் மாட்டச் சொல்லிக் கண்ணாலேயே காட்டினார்.

இதைச் சொன்னால் நீ என்ன ஆவாய் என்று நினைத்து ஒரு மாதமாக அடக்கி வைத்தேன். சாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் உனக்காவது பழி சொல்ல ஒன்று இருக்கும். நான் அதைப் பிடுங்கிக்கொள்கிறேன். உனக்குக் கொடுமைதான். ஆனால் ஒன்றுமில்லாத ஒரு சாபத்துக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிப் போடுகிறாய். அதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

என்னைத் திட்டு. எழுதியாவது திட்டு.

அக்கா

---

3 மார்ச் 2019

அக்கா,

காவலர் அன்றே கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் கதவருகே நின்றுகொண்டிருந்தார். நான் படித்து முடித்ததும், “தண்ணி வேணுமா?” என்றார். வேண்டாம் என்றேன். இங்கே யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ரொட்டிமேல் மூடி மாதிரி கையைக் கவிழ்த்து வைப்பார் என்று எழுதியிருக்கிறாய். அக்டோபரிலேயே எழுதியிருக்கிறாய். நான் அதைப் பல தடவை படித்திருக்கிறேன். உன்மேல் கோபம் இல்லை. யார்மேலும் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

திரும்பவில்லை என்று எழுதினேன் இல்லையா. வலித்திருக்கும். அந்தச் சத்தம் அதற்குத்தான்.

கையெழுத்துப் போடவில்லை. அதிகாரி காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லிதியாவுக்கு, பிள்ளையைத் திதிக்குக் கூட்டிக்கொண்டு வா, பேரை மாற்றாதே என்று எழுதிவிட்டேன். என்னை வந்து பார்க்க வேண்டாம் என்றுதான் இப்போதும் எழுதியிருக்கிறேன். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

சேய்தே மறுபடி வந்தார். நிலத்தகராறு இல்லை, நான் சொன்னது பொய் என்றேன். “அப்ப எதுக்குண்ணே?” என்றார். “அவரு என்னை வாழ்த்துனாரு, அதுக்கு” என்றேன். சேய்தே குனிந்து தன் படிவத்தில் ‘மற்றவை’ என்ற இடத்தில் குறித்துக்கொண்டார். கூடுகிறதா குறைகிறதா என்று அவர் கணக்குப் போடும்போது நான் அந்த இடத்தில்தான் இருப்பேன்.

ஒன்று கேட்கிறேன். அவர் கையை முகம் வரை கொண்டுபோக நான் விடவில்லை. திதி அன்று எல்லோரும் கை ஏந்துவார்கள் இல்லையா, அப்போது நீ அவர் ஏந்திய மாதிரி ஏந்து. மிச்சத்தை முடித்துவிடு. வாழ்த்து எனக்குப் பலித்தாலும் பலிக்காவிட்டாலும் பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும்.

மேதர்

---

தாஷ்-புலாக்
31 மார்ச் 2019

தம்பி,

திதி முடிந்தது. விருந்துக்குக் குதிரை அறுத்தோம். அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் வந்தன. லிதியா மூன்று ரயிலும் ஒரு லாரியும் மாறி வந்து சேர்ந்தாள், வந்த கையோடு பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிட்டாள். நம் பேச்சு அவளுக்கு வராது, நான் ரஷ்ய மொழியில் திக்கித் திணறினேன். இருவரும் சைகையிலேயே ஒரு மூட்டை மாவைப் பிசைந்தோம். பிள்ளைக்கு உன் நெற்றி. குணம் நம் அம்மாவுடையது, கேட்டதைக் கொடுக்காவிட்டால் தரையில் உட்கார்ந்துகொள்கிறாள்.

சாப்பாடு முடிந்தது. பெரியவர் கை ஏந்தினார். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் ஏந்தினார்கள். அனார்கான் என் மடியில் இருந்தாள். நான் கையைக் கவிழ்த்து ஏந்தினேன்.

முதலில் பக்கத்தில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி ஐயோ என்றாள். பெற்ற அப்பன் திதியில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, புறங்கை! இசாபெக் சித்தப்பா ஆண்கள் வரிசையிலிருந்து எழுந்து, விரிப்பை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். “திருப்புடீ! கையத் திருப்புடீ பாவி, கொழந்த இருக்குடீ!” என்று என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து முறுக்கினார்.

அப்படியே, தம்பி. நீ எழுதினாயே, அதே மாதிரி. அதே இடத்தில்.

நான் இழுத்துக்கொள்ளவில்லை. “சித்தப்பா, அப்பா கை இப்படித்தான் இருந்துச்சு. குதிரையில விழுந்து ஒரு கை, வாதத்துல இன்னொரு கை, ரெண்டும் திரும்பாது. இதாலதான் தெனமும் என்ன வாழ்த்துனாரு. தம்பிக்கும் இப்படித்தான் வாழ்த்துனாரு. அவன் நீங்க நெனச்ச மாதிரிதான் நெனச்சான்” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

சித்தப்பா என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். விடவில்லை, விட மறந்துவிட்டார். “நான் குளிப்பாட்டுனேனே. திருப்பிப் பாத்தேன். திரும்பலியே” என்றார். அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் வந்துதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

அதன் பிறகு கையை முகத்துக்குக் கொண்டுபோனேன். கவிழ்ந்த கையால் முகத்தைத் தடவ வராது. அப்பா புறங்கையால் இரண்டு கன்னத்தையும் தொட்டுக்கொள்வார், நானும் அப்படியே தொட்டுக்கொண்டேன். ஆமீன் என்றேன். பெரியவர் ஆமீன் என்றார். மற்றவர்கள் சொன்னார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை என்னைப் பார்த்துத் தன் புறங்கையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள், எச்சிலைத் துடைக்கிற மாதிரி.

சித்தப்பா உன்னை மன்னிப்பார் என்று சொல்ல மாட்டேன். நான் மன்னித்துவிட்டேனா என்றும் தெரியவில்லை. அப்பா அப்பாதான், போனது போனதுதான். கல்லில் ‘பிள்ளைகள் வைத்தது’ என்று வெட்டியிருக்கிறது.

என் மணிக்கட்டில் நீலம் இன்னும் போகவில்லை. மாவு பிசையும்போது வலிக்கிறது. நீ எதற்குப் பிடித்தாய் என்று இனி கேட்க மாட்டேன்.

அக்கா